ரேவினின் பெயர் இருந்த பெட்டி

ரேவின் ஹோக்கன் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். வைக்காட்டோவில் பால் பண்ணை வீடுகளில் பிறந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கத்தினால் மாடு மிரளும், மிரண்டால் பால் இறங்காது என்று சின்ன வயதிலேயே வாயை அடக்கிவிடுவார்கள். வெளியே போகாத கோபம் எங்கே போகும்? உள்ளேயேதான் கிடக்கும். நெவில் ஸ்கலி மேல் அவளுக்கு இருந்த கோபம் அப்படி உள்ளே கிடந்து ஊறியது. காலையில் பல் தேய்க்கும்போதும் அவன் ஞாபகம், ராத்திரி நாய்க்குச் சோறு வைக்கும்போதும் அவன் ஞாபகம். காதலிக்கிறவர்கள்கூட ஒருத்தரை அவ்வளவு நினைக்க மாட்டார்கள்.

இருவரும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். ஹாமில்டனில் டே ராப்பா பக்கம் டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தொழில் ஆரம்பித்தார்கள். கறவைக் கொட்டகையில் மாட்டின் மடியில் மாட்டுகிற பால் உறிஞ்சும் கப்பை, பால் குறைந்ததும் தானாகவே கழற்றிவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் அவர்கள் சரக்கு. பெட்டிக்குள் ஒரு சின்ன போர்டு, போர்டில் நகக்கண் அளவில் ஒரு சிப், சிப்புக்குள் ரேவின் எழுதிய புரோகிராம். கப்பை முன்னாடியே கழற்றினால் பால் மடியில் தங்கிவிடும், பிந்திக் கழற்றினால் காம்பு புண்ணாகும். எந்த நொடியில் கழற்றுவது என்பதுதான் எல்லாமே. அந்த நொடியைக் கண்டுபிடிக்க அவள் வருஷக்கணக்காகக் கொட்டகை கொட்டகையாய்ச் சாணித் தண்ணீரில் நின்றிருக்கிறாள்.

நெவில் பேச்சுக்காரன். அடைமழையில் தண்ணீர்த் தொட்டி விற்றுவிட்டு வருவான். விற்பது அவன் பாடு, எழுதுவது அவள் பாடு என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டார்கள். எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் உண்டு. புரோகிராம் ரேவினுடையது. அவள் விலகிப் போனாலும் அதை ஓட்டுகிற வரைக்கும், இது அவள் எழுதியது என்று பெட்டி வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி சொல்ல வேண்டும். நெவில் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான். அவன் எதற்கும் சிரிப்பான்.

வியாபாரம் பெரிதானதும் அவனுக்குக் கூட்டு கசந்தது. மீட்டிங்குக்குக் கூப்பிட மறந்தான், அப்புறம் மறந்த மாதிரி காட்டிக்கொள்வதையும் விட்டான். கடைசியில் கணக்கர்களை வைத்து அவளை மரியாதையாக வெளியே தள்ளினான். ஆக்லாந்திலிருந்து ஜாரட் என்ற எஞ்சினியரைக் கூட்டிவந்து, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டோம், புது புரோகிராமை ஜாரட் முதல் எழுத்திலிருந்து எழுதிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னான். அப்படியானால் ஒப்பந்தத்துக்கு வேலை இல்லை. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவள் அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஜூன் மாத விவசாயக் கண்காட்சியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுத்த கடையில் கறி அடைத்த பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றவளின் காதில், நெவில் தன் கடை முன்னால் நின்ற பண்ணைக்காரர்களுக்குச் சொன்னது தெளிவாக விழுந்தது. ரேவின் இப்போது இல்லையா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "ரேயா? பாவம், நல்லவதான். கம்பி ஒட்டுவா, டீ போடுவா. புரோகிராம் எல்லாம் வேற ஆளு" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருடைய கொட்டகைக்குள் அவள் படுத்துப் புரண்டு பெட்டி மாட்டியிருக்கிறாள். அவர்களும்தான் சிரித்தார்கள்.

வாங்கிய பலகாரத்தை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான். கொடுத்தால் காசு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவளுக்கு வேண்டியது காசு இல்லை. இவர்கள் முன்னால், அவன் வாயாலேயே, அது ரேவினுடையது என்று சொல்ல வைக்க வேண்டும். சொல்லும்போது அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் நிரூபிப்பது எப்படி? அவள் எழுதிய மூலப் பிரதி அவளிடமே இருக்கிறது. நெவிலின் புதுப் பெட்டிக்குள் இருப்பதும் அதுதான் என்று காட்டினால் போதும். அங்கேதான் சிக்கல். கம்பெனியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு சிப்புக்கும் பூட்டுப் போடுவார்கள். பூட்டிய சிப்பை யாரும் படிக்க முடியாது. பூட்டை உடைக்கப் பார்த்தால் உள்ளே இருப்பதை அது தானே அழித்துக்கொள்ளும். நெவில் தைரியமாகப் பொய் சொன்னதே அந்தப் பூட்டை நம்பித்தான்.

ஆகஸ்டில், கன்று போடும் சீசன் உச்சத்தில், மாரின்ஸ்வில்லிலிருந்து ஹோனே என்ற பண்ணைக்காரர் கூப்பிட்டார். அவர் கொட்டகையில் போன வருஷம் மாட்டிய புதுப் பெட்டி ஒன்று கப்பைக் கழற்றாமல் உறைந்து நிற்கிறதாம். கம்பெனியில் கேட்டால் அடுத்த வாரம் ஆள் வரும் என்கிறார்களாம். "அடுத்த வாரம் வரைக்கும் என் மாடு காலைத் தூக்கிட்டு நிக்குமா? நீ வா, ரே" என்றார். ரேவின் அப்போது ஃபிராங்க்டனில் தன் கார் கொட்டகையில் உட்கார்ந்து கண்டதையும் ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்தாள். நெவிலின் பெட்டி என்றதும் ரப்பர் பூட்ஸைக்கூட சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டாள்.

பெட்டியைத் திறந்தாள். போர்டின் ஓரத்தில் நான்கு ஊசிகள். அவளிடம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. அதன் ஒரு பக்கத்தை லேப்டாப்பில் செருகி, மறுபக்கத்து ஒயரை அந்த ஊசிகளில் மாட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் சிப்பை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கலாம். இதில் இரண்டு வழி இருக்கிறது. மெனுவுக்குள் போய், ஓடுகிறதை அப்படியே பிடி என்று சொன்னால் சிப்பில் இருப்பது இருந்தபடியே இருக்கும். மேலே இருக்கும் எஃப் ஃபைவ் விசையைத் தட்டினால் கதை வேறு. சிப்பில் இருப்பதைத் துடைத்து, லேப்டாப்பில் திறந்திருக்கும் புரோகிராமை ஏற்றி, முதல் வரியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எழுதுகிறவர்களுக்கு நாள் முழுக்க அந்த விசையில்தான் வேலை. உறைந்த பெட்டியைப் பார்க்கும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது. அன்று அவள் பார்த்துப் பதமாக மெனு வழியே போனாள்.

சிப் திறந்துகொண்டது. பூட்டு இல்லை. கம்பெனியில் எவனோ இந்த ஒன்றுக்குப் பூட்டுப் போட மறந்திருக்கிறான். ரேவின் நேராக நினைவகத்தின் கடைசிக்குப் போனாள். கூட்டாளியாக இருந்த நல்ல நாட்களில், மிச்சம் கிடந்த இடத்தில் விளையாட்டாக ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கும் நெவிலுக்காக எழுதியது அது. இங்கேயும் இருந்தது. ரேவின் ஹோக்கன் எழுதியது, நெவில், கை வைக்காதே.

கப்பு மாட்டிய மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் சிரித்த சிரிப்பில் ஹோனே பயந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் சும்மா இல்லை. பெட்டியைக் கழற்றச் சொல்லி, கறுப்பு டேப்பால் சுற்றி, டேப்பின் மேல் தன் கையெழுத்தைப் போட்டு, மாட்டு மருந்து வைக்கிற ஃபிரிட்ஜில் பூட்டி வைத்தார். அந்த மாட்டுக்கு அன்றைக்குக் கையால்தான் கப்பு கழற்றினார்கள்.

விவகாரம் ஜூடித் என்ற மத்தியஸ்தரிடம் போனது. நிதானமான வக்கீலம்மா. ரேவின் லேப்டாப்பில் எடுத்து வைத்திருந்த நகலை அவர் ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எதையும் தயார் செய்து கொண்டுவரலாம், பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்து படியுங்கள் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து பொது ஆள் ஒருவரை வைத்துப் படிக்கலாமே என்றும் கேட்டார். அங்கேதான் ரேவினின் வீம்பு தலைகாட்டியது. வேறு எவனோ படித்து, காகிதத்தில் அறிக்கை எழுதி, அதை நெவில் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாசிக்கவா இவ்வளவும்? என் கையால், அவன் கண் முன்னால் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். நெவிலும் சரி என்றான். எல்லாம் பூட்டியிருக்கிறது, ஒன்றும் வராது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாள் வந்தது. ஆற்றங்கரைப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை, நடுவில் மேஜை, மேஜையில் தேநீர்க் கூஜாவும் இஞ்சி பிஸ்கட் தட்டும். ஒரு பக்கம் நெவிலும் ஜாரட்டும், எதிர்ப்பக்கம் ரேவினும் ஹோனேயும், மேஜையின் தலைப்பக்கம் ஜூடித். ஹோனே தன் கையெழுத்தைக் காட்டிவிட்டு டேப்பைப் பிரித்தார். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ரேவின் ஒயரை மாட்டினாள். லேப்டாப் மெல்ல மெல்ல எழுந்து, வழக்கம்போல அவள் கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலையைத் திறந்து வைத்தது. ஹோனேயின் தண்ணீர்த் தொட்டிக்கு எச்சரிக்கை மணி ஒன்று செய்துகொண்டிருந்தாள். அந்த மணிக்கும் இதே ஜாதி சிப்தான். புரோகிராமின் அடித்தளமும் இதே பழைய அடித்தளம்தான். தன் சரக்கை அவள் மறுபடி உபயோகிக்காமல் யார் உபயோகிப்பார்கள்?

மெனுவைத் திறக்க மவுஸை நகர்த்தினாள். லேப்டாப் திணறியது. அந்த நேரம் பார்த்து நெவில் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"அவசரமே இல்லம்மா ரே. மெதுவாவே பண்ணு. முடிச்சிட்டு அப்படியே எல்லாருக்கும் டீயும் ஊத்திடு, உனக்குத்தான் பழக்கமாச்சே."

அவளுக்குக் கண் இருண்டது. கண்காட்சியில் கேட்ட சிரிப்பு மறுபடி காதில் விழுந்தது. இருடா, இதோ காட்டுகிறேன் உனக்கு என்று மனம் கறுவியது. ஆத்திரத்தில் இருப்பவளின் விரல் யோசிக்குமா? இருபது வருஷமாகத் தட்டிப் பழகிய இடத்தைத் தட்டியது. எஃப் ஃபைவ்.

திரையின் அடியில் ஒரு பட்டை ஓடியது. துடைக்கிறேன் என்றது, எழுதுகிறேன் என்றது, சரிபார்த்தாயிற்று என்றது. நிறுத்த வழியே இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு அணைந்துபோனது.

ரேவின் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பொது ஆளிடம் கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அவன் மூஞ்சியைப் பார்க்க ஆசைப்பட்டாயே, இப்போது உன் மூஞ்சியை அவன் பார்க்கப்போகிறான். உள்ளே இப்போது கிடப்பது தண்ணீர்த் தொட்டி மணி. பழைய அடித்தளத்தோடு வந்ததால் அதன் கடைசியிலும் அதே வரி இருக்கும், ஆனால் அது இந்த நிமிஷம் அவளே ஏற்றிய வரி.

இணைந்துவிட்டதா என்று ஜூடித் கேட்டார். ரேவின் ம் என்றாள். இணைந்தது உண்மைதானே. அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. திறந்து, தப்பாகத் தட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் எதிரே அவன் உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருக்கிறான், அவனிடமா போய்? கை தானாக நினைவகத்தைத் திறந்தது, கடைசிக்குப் போனது, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தது.

நெவில் குனிந்து படித்தான். கடித்த பிஸ்கட் வாயிலேயே நின்றது. முகம் பேயறைந்த மாதிரி ஆகி, அப்புறம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டே ஏறியது. ஜூடித் இருப்பதை மறந்தான், ஹோனே இருப்பதை மறந்தான். பக்கத்தில் இருந்த ஜாரட்டின் மேல் பாய்ந்தான்.

"இந்த வரியத் தூக்குடான்னு எத்தனை தடவை சொன்னேன்? தூக்கிட்டேன்னு சொன்னியே, இது என்னது?"

"போன வருஷக் கடைசிலதானே தூக்கினேன். அதுக்கு முன்னாடி போன பெட்டிகள்ல இருக்கும்னு அப்பவே சொன்னேன்ல, நெவில்" என்றான் ஜாரட்.

ஜூடித் பேனாவைக் கீழே வைத்தார். முதல் எழுத்திலிருந்து புதிதாக எழுதிய புரோகிராமில் எந்த வரியைத் தூக்கச் சொன்னீர்கள் என்று மென்மையாகக் கேட்டார். விற்பனைக்கென்று பிறந்த நெவிலின் வாய், அன்று ஒரு வார்த்தைகூட விற்கவில்லை.

ஜாரட் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்தான். ஓடுகிற சிப்பை ஒழுங்காகப் பிடித்திருந்தால் விளக்கு எரிந்தபடியே நின்றிருக்கும். அணைந்திருந்தால் என்ன நடந்திருக்கிறது என்று இந்த வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். தலையைத் தூக்கி ரேவினைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சொல்லப்போகிறான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். ஜூடித் அவன் பக்கம் திரும்பி, புரோகிராம் யாருடையது என்று நேராகவே கேட்டார்.

ஜாரட் மறுபடி அந்த விளக்கைப் பார்த்தான். பிறகு, "அவங்களோடதுதான். ஆரம்பத்துலேர்ந்து அதுதான் ஓடுது. நான் மேல பூசினேன், அவ்வளவுதான்" என்றான்.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹோனே தன் வண்டியைத் திருப்பப் போயிருந்தார். ஜாரட் ரேவின் பக்கத்தில் வந்து நின்றான். விளக்கு அணைந்ததைப் பார்த்தேன் என்றான். தெரியும் என்றாள். அவனும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணைக்காரர் கொண்டுவந்த உறைந்த பெட்டியை இதே மாதிரி எஃப் ஃபைவ் தட்டித் துடைத்துவிட்டு, வரும்போதே காலியாகத்தான் வந்தது என்று நெவிலிடம் புளுகியிருக்கிறானாம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

"அப்ப ஏன் உள்ள சொல்லலை?"

"ரெண்டு வருஷமா தினம் அதத்தான் படிக்கிறேன். உங்களுதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லா எழுதியிருக்கீங்க."

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். ரேவினுக்கு இளகவில்லை. அவளிடம் எவனும் அப்படிச் சொல்லி ரொம்ப காலமாகிறது, கேட்க நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காக அவனை விட்டுவிடவில்லை.

"தினம் படிச்ச. நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது. அப்புறமும் அவன் சொன்னான்னு என் பேரை அழிச்சிருக்க. போய்யா."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நஷ்ட ஈடு எவ்வளவு என்று பேச நெவிலின் வக்கீல் தயாராக இருந்தார். ரேவின் அதைப் பேசவே விடவில்லை. மாரின்ஸ்வில் மன்றத்தில் பண்ணைக்காரர்கள் கூடுகிற வசந்தக் கூட்டத்தில் நெவில் எழுந்து நின்று சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவான்?

கூட்டத்தன்று வழக்கம்போல ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கண்காட்சியில் சிரித்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ரேவின் முதல் வரிசையில், நெவிலுக்கு நேர் எதிராக, சீஸ் ஸ்கோன் என்ற பன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எழுந்து, சட்டைப் பையைத் தடவி, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை, நெவில்" என்றாள் அவள்.

மறுபடி சொன்னான். கப்பு கழற்றும் புரோகிராமை எழுதியது ரேவின் ஹோக்கன், ஆரம்பத்திலிருந்து அவள்தான். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தர் இருமினார். அவன் உட்காரப் போனான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு வாட்டி."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இத்தனை மாதமாக அவள் கனவு கண்ட மூஞ்சி அதுதான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. நிறுத்திக்கொள்ளலாம் என்று ஹோனே அவள் தோளைத் தொட்டார், அவள் தோளை உதறிக்கொண்டாள். நெவில் மூன்றாம் முறை சொன்னபோது சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஊர் முழுக்கக் கேட்டாயிற்று. ரேவின் ஸ்கோனைத் தொடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் போதவில்லை.